மாடி அக்காவைத் தேடிப் போன கட்டுரை

விடுதியில் அவளைத் துருவல் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று முதல் வருடத்தில் அறைத்தோழி வைத்த பெயர். பதிலுக்கு அவள் அறைத்தோழிக்குத் தூங்குமூஞ்சி என்று வைத்தாள். கணக்கு நேராகிவிட்டது. அதற்குப் பிறகு இருவருடைய சொந்தப் பெயர்களும் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தன.

சமூகவியல் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். துருவல் ‘வதந்தியும் சமுதாயமும்’ என்று தலைப்பை எழுதிக்கொண்டு துறைத் தலைவியின் அறைக்குப் போனாள். துறைத் தலைவி அதிகம் பேசாதவர். அவருக்குப் பதிலாக அவருடைய சிவப்புப் பேனா பேசும் என்பார்கள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கடலையே சுருட்டி எடுத்து வந்திருக்கிறாயே, எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும் என்றார். நீ நடந்து போய், நாலு பேரைக் கேட்டு, உன் கண்ணால் பார்த்து எழுதக்கூடிய வதந்தி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

துருவல் யோசிக்காமல் சொன்னாள். “எங்க ஹாஸ்டல்ல ஒரு பேய் இருக்கு மேடம்.”

துறைத் தலைவி சிரிக்கவில்லை. பேய் இருக்கிறதா இல்லையா என்பது உன் கேள்வியாக இருக்கக் கூடாது, அதற்கு உன்னால் சான்று காட்ட முடியாது என்றார். யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், கை மாறும்போது எது மாறியது, அதைக் கேள். கேள்வி ஒரே வரியில் இருக்க வேண்டும். வரி நீண்டால் உனக்கே அது புரியவில்லை என்று அர்த்தம். நாலைந்து தடவை அடித்துத் திருத்திய பிறகு அந்த வரி வந்து சேர்ந்தது: மாடி அக்காவின் கதை ஒரு வகுப்பாரிடமிருந்து அடுத்த வகுப்பாருக்குப் போகும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது?

மாடி அக்கா இருந்தது மூன்றாம் மாடியின் கடைசி அறையில். பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் அறை. எப்போதோ அங்கே தங்கியிருந்த ஒரு பெண் தன் ஆய்வுக் கட்டுரையை முடிக்க முடியாமல் செத்துப்போனாளாம். முடியாத கட்டுரையை இன்னமும் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாளாம். மத்தியானம் விடுதி ஓய்ந்து கிடக்கும் நேரத்தில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்குமாம். பெண்கள் அவளைப் பேய் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்கா என்பார்கள். தேர்வு மாதத்தில் அந்தப் பக்கம் யாரும் வாளியை டங்கென்று வைக்க மாட்டார்கள். அக்கா கோபித்துக்கொண்டால் மார்க் போய்விடும். விடுதி வார்டன் இதையெல்லாம் கேட்டும் கேளாதவர்போல் இருந்தார். அந்த அறைக்குப் பக்கத்தில்தான், பெண்கள் போகக் கூடாத மொட்டை மாடிக்கு ஏறும் படி இருந்தது. பூட்டு செய்யாத காவலை அக்கா செய்துகொண்டிருந்தாள்.

துருவல் வேலையை ஆரம்பித்தாள். முதலில் நூலகம். வதந்தியைப் பற்றி ஏற்கெனவே எழுதியவர்கள் என்ன சொன்னார்கள் என்று பக்கம் பக்கமாகக் குறித்து, இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார் என்று அடுக்கிக்கொண்டு போனாள். சிவப்புப் பேனா குறுக்காக ஒரு கோடு போட்டது. இது சலவைக்குப் போடும் துணியை எண்ணுகிற மாதிரி இருக்கிறது, இவர்களுக்குள் என்ன தகராறு, அந்தத் தகராறில் நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. மறுபடி படித்தாள். சிலர், கதை கைமாறக் கைமாறச் சுருங்கும் என்றார்கள். சிலர், வளரும் என்றார்கள். அவளுடைய அக்கா எந்த ரகம் என்று பார்ப்பதுதான் வேலை என்று அப்போதுதான் பிடிபட்டது.

பிறகு நேர்காணல்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். கதையைச் சொல்லுங்கள். யார் சொல்லிக் கேட்டீர்கள்? அவர் எப்போது இங்கே படித்தார்? முதல் வருடப் பெண்களின் அக்கா மாடியிலிருந்து விழுந்து செத்திருந்தாள். அவர்களுக்கு மூத்தவர்களின் அக்கா மாத்திரை தின்றிருந்தாள். படித்து முடித்து வெளியே போனவர்களைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டால், அவர்களுடைய அக்காவுக்குக் காய்ச்சல் வந்து ஊருக்குப் போன இடத்தில் ஏதோ ஆகிவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகியிருந்தது. ஒன்று மட்டும் எல்லார் வாயிலும் அப்படியே இருந்தது. அந்த நாற்காலி.

அவளும் தூங்குமூஞ்சியும் இருந்த அறை இரண்டாம் மாடியில், சரியாக அந்தப் பூட்டிய அறைக்குக் கீழே. மத்தியானங்களில் மற்றவர்கள் வகுப்பில் இருக்கும்போது, துருவல் பதிவு செய்த குரல்களைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எழுதுவாள். ஒருநாள் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுக் கையை உதறியபோது, மேலே கர்ரென்று ஒரு சத்தம். மரக்கால் சிமெண்டுத் தரையில் தேயும் சத்தம். சிறிது தூரம் இழுபட்டு நின்றது. பிறகு யாரோ உட்கார்ந்ததுபோல் ஓர் அமைதி.

அவள் மாடியேறிப் போய்ப் பார்த்தாள். பூட்டு இருந்தபடியே இருந்தது. அதன்மேல் தூசி படிந்து, விரல் வைத்த இடத்தில் தடம் விழுந்தது. எலி, காற்று, பழைய கட்டில் சாய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்தாள். ஆனால் மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாள் கேட்கவில்லை. கேட்காத நாள்தான் அதிகம் பயமாக இருந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். தான் எழுதுவதை நிறுத்தினால் மேலேயும் யாரோ நிறுத்துவதாகவும், தான் தொடங்கினால் மேலேயும் தொடங்குவதாகவும் ஓர் எண்ணம் மனதில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போக மறுத்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்கிறவளுக்கே பேய் பிடித்தது என்றால் சிரிப்பார்கள்.

தூங்குமூஞ்சிக்கு மட்டும் ஏதோ புரிந்திருந்தது. “நீ தோண்டுறது கிணறா, குழியான்னு பாத்துக்கோடி” என்றாள் ஒருநாள், கண்ணைத் திறக்காமலே.

கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்தவர் இதே விடுதியில் படித்தவர். அவர் தனக்குக் கதை சொன்ன சீனியரின் எண்ணைக் கொடுத்தார். அந்த சீனியர் ஒரு வங்கியில் இருந்தார். வாடிக்கையாளர்களுக்கு நடுவே அவசரமாகப் பேசினார். தான் சேர்ந்த வருடம் அந்த அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது, பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்டதற்கு ‘அவ போயிட்டா’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை என்றார். அந்தப் பக்கத்துக் கட்டில்காரியின் எண் கிடைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அவர் இப்போது எங்கோ குடும்பமாக இருந்தார். பின்னணியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. துருவல் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பேச்சைப் பதிவு செய்யலாமா என்று முறைப்படி அனுமதி கேட்டுவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

“உங்க ரூம்மேட் எப்படி இறந்தாங்கன்னு சொல்ல முடியுமாக்கா?”

குழாய் நின்றது. “யாரு இறந்தது?”

துருவல் விளக்கினாள்.

“நான் போயிட்டான்னுதாம்மா சொன்னேன். பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டா. எனக்கு அழுகையா வந்துச்சு, அதான் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார். “போன மாசம்கூட எனக்குக் கண்ணாடி மாத்திக் கொடுத்தா. கண்ணாடிக் கடை வச்சிருக்கா.”

துருவல் தொலைபேசியை வைத்தாள். ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாகத் தேடும் விடை ஒரே சொல்லில் அவள் கைக்கு வந்திருந்தது. போயிட்டா. ஊருக்குப் போனவளும் போயிட்டாள்தான், உலகத்தைவிட்டுப் போனவளும் போயிட்டாள்தான். சொன்னவள் ஒன்றை நினைத்தாள், கேட்டவள் மற்றொன்றை எடுத்துக்கொண்டாள். ஒரு பெண் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதே இங்கே அவளைச் சாகடித்துவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் துருவலின் கண் மேலே கூரைக்குப் போனது. ஊருக்குப் போனவள் உயிரோடு இருக்கிறாள் என்றால், மேலே நாற்காலியை இழுப்பது யார்?

அடுத்த விடுமுறை நாளில் பேருந்து பிடித்துப் போனாள். கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள், முகமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. கல்லாவில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். என்ன வேணும் என்று கேட்டதும் துருவல் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள். கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டாள்.

உள்ளறை இருட்டாக இருந்தது. எதிரே எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக. கனமான சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் வைத்து, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்தபடி, இது நல்லா தெரியுதா, இது நல்லா தெரியுதா என்று காதோரம் அந்தக் குரல் கேட்டது. செத்துப்போனவள் என்று எல்லாரும் சொல்ல, துருவல் இத்தனை மாதமாக எழுதிவந்த அதே பெண்ணின் குரல். நெற்றிப்பொட்டில் பட்ட விரல் வெதுவெதுப்பாக இருந்தது. துருவலுக்கு எழுத்துகள் கலங்கின.

“கண்ணுல தண்ணி வந்தா பவர் பாக்க முடியாதும்மா. என்ன விஷயம்?”

“அக்கா, நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து வரேன். மூணாவது மாடி, கடைசி ரூம் விஷயமா.”

அந்தப் பெண் அவள் மூக்கிலிருந்து சட்டத்தை எடுத்தார். வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அததன் பள்ளத்தில் வைத்தார். மூடிவிட்டுக் கேட்டார்.

“நான் இன்னும் அங்கதான் இருக்கேனா?”

அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா கடையிலேயே பக்கவாதத்தில் விழுந்தார் என்று தகவல் வந்ததும் கட்டுரையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பியவர். இரண்டு வாரத்தில் வந்துவிடலாம் என்றுதான் போனாராம். தம்பி தங்கைகள் சின்னவர்கள். கடையைத் திறக்க ஆளில்லை. இரண்டு வாரம் இரண்டு வருடமாயிற்று. பிறகு ஏதோ சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது, ஆசைக்கு விடுதிக்கும் போயிருக்கிறார். படியில் வாளியோடு வந்த ஒரு பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்க, இந்தக் கடைசி ரூமில் இருந்தவள் நான்தான் என்று சொல்லியிருக்கிறார். வாளி படிப்படியாக உருண்டது. அந்தப் பெண் அலறிக்கொண்டு ஓடினாள்.

“முதல்ல சிரிப்பாதான் இருந்துச்சு. பஸ்ல வரும்போது சிரிப்பு நின்னுபோச்சு.” அவர் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கினார். “எல்லாருக்கும் பொறந்த ஊருன்னு ஒண்ணு இருக்கும். எனக்கு செத்த ஊருன்னு ஒண்ணு இருக்கு. கல்யாணம் ஆச்சு, பையன் பொறந்தான், கடையும் நல்லா போகுது. இருந்தாலும் அது உள்ள கிடந்து உறுத்திட்டே இருக்கு.”

அங்கே நான் என்ன செய்வதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டார். நாற்காலி இழுப்பதாகச் சொல்வார்கள் என்றாள் துருவல். அந்த அம்மாள் மெல்ல உட்கார்ந்துவிட்டார். அறையில் விளக்கு மங்கல், மத்தியான வெயில் ஜன்னலில் நகர நகர நாற்காலியை அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போய் எழுதுவேன், பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டித் திட்டுவாள் என்றார்.

துருவலுக்கு உயிர் வந்தது. இதுதான் மாறாமல் நின்றது. நடந்தது எதுவோ அது மாறவில்லை, நடக்காதது மட்டும் கிளை விட்டிருக்கிறது. கட்டுரையின் நடுத்தூண் கிடைத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை.

“நானும் கேட்டேன்க்கா. என் காதால.”

அவர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “மத்தியானம்தானே?” என்றார். “அந்த நேரத்துல எனக்கு இங்க கை ஓடாது. கடையில யாராவது வந்து நின்னாகூட ரெண்டு தடவை கூப்பிடணும். பையன் கேலி பண்ணுவான், அம்மா வெளிய போயிட்டாங்கன்னு.”

எழுதலாமா என்று துருவல் கேட்டாள். விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், ஒரு வரி பாக்கியில்லாமல் எடுத்துவிடுவேன் என்று சொன்னாள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், ஆனால் உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் எழுது என்றார் அவர். பிறகு ஒருமுறை வந்து அந்த அறையைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

பேய் உயிரோடு இருக்கிற செய்தி வார்டனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சாவியைத் தேடித் தேடிக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை மூன்றாம் மாடி நடையில் பெண்கள் இருபுறமும் சுவரோடு சுவராக நின்றார்கள். கண்ணாடிக் கடை அக்கா படியேறி வந்ததும் ஒருத்தியும் கிட்டே போகவில்லை. தூங்குமூஞ்சி மட்டும் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“சூடாதான் இருக்கு” என்று எல்லாருக்கும் அறிவித்தாள்.

நடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கடைசி அறையை நோக்கி நடந்தார். பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது. உள்ளே உடைந்த கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. மூலையில் சுருட்டிய பாய்மெத்தைகள். ஜன்னலை ஒட்டி ஒரு மர நாற்காலி, அதன்மேல் மத்தியான வெயில்.

அவர் ஒரு காலை நிலைப்படிக்குள் வைத்தார். அப்படியே நின்றார். முகத்தில் பயம் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஆள் இருப்பதைக் கண்டு தயங்குகிறவரைப்போல் இருந்தது. பிறகு காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, துருவலுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“வேண்டாம்மா. எழுதிட்டிருக்கா. தொந்தரவு பண்ண வேண்டாம்.”

துருவல் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கட்டில்கள், தூசி, வெயில். வேறொன்றும் இல்லை. ஆனாலும் அவளுக்கும் உள்ளே கால் போகவில்லை. அவர் தூங்கும் குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல் அந்தக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். கீழே இறங்கும்போது பெண்களோடு கலகலப்பாகப் பேசினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்த ஒருத்தியிடம் உடனே பவர் பார்க்கச் சொன்னார். பேருந்து வந்ததும் துருவலின் கையை இறுகப் பிடித்து, நீயாவது முடித்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

எழுத உட்கார்ந்தாள். வழிமுறையை முதலில் எழுதினாள், செய்ததை அப்படியே சொன்னால் போதும் என்பதால். பிறகு கண்டறிந்தவை. பிறகுதான் அவற்றின் பொருள் என்ன என்ற பகுதி, அங்கே ‘போயிட்டா’ என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று பக்கம் போனது. முன்னுரையை அவற்றுக்குப் பிறகுதான் எழுதினாள். வீட்டைக் கட்டி முடிக்காமல் வாசல் எங்கே வைப்பது என்று துறைத் தலைவி கேட்டது சரிதான் என்று பட்டது. மேற்கோள் பட்டியலில் ஒரு புள்ளி தவறாமல் பார்த்தாள். முடிவுரை மட்டும் பாக்கி. கடைசிப் பத்தியாக, அந்த வாசலில் நடந்ததை எழுதினாள். தான் கேட்ட சத்தத்தையும் எழுதினாள்.

துறைத் தலைவி கூப்பிட்டு அனுப்பினார். கட்டுரை முழுவதும் சிவப்பு அங்கங்கேதான் இருந்தது. கடைசிப் பத்தியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம்.

“முடிவுரையில புது ஆளைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.”

“நடந்தது மேடம்.”

“நடக்கலன்னு நான் சொல்லல. உன் கேள்விக்கு இது பதில் இல்ல.” அவர் பேனாவை மூடினார். “உன்னால எது முடியலன்னு சொல்ற இடம் ஒண்ணு இருக்கே, ஆய்வின் வரம்புகள்னு. அங்க வை. ஒரே வரி. அலங்காரம் பண்ணாத.”

துருவல் அந்தப் பத்தியை அடித்தாள். வரம்புகள் பகுதியில் எழுதினாள்: அறையில் கேட்பதாகச் சொல்லப்படும் சத்தத்தை ஆய்வாளரும் கேட்டார், அதற்கான காரணத்தை இந்த ஆய்வு கண்டறியவில்லை. அந்த ஒரு வரியை எழுத அவளுக்கு ஒரு மத்தியானம் முழுவதும் பிடித்தது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த வரியில்தான் விரலை வைத்தார். இதை ஏன் மறைக்கவில்லை என்று கேட்டார். மறைத்தால் மற்றதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்றாள் துருவல். துறையிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான் வந்தது. ஆனால் விடுதி அவள் கட்டுரையைத் தன் பாட்டுக்கு விழுங்கிக்கொண்டது. அடுத்த மாதமே முதல் வருடப் பெண்கள் புதுக்கதை சொன்னார்கள். மாடி அக்கா பகலில் எங்கோ கண்ணாடிக் கடை நடத்துகிறாளாம். மத்தியானத்தில் மட்டும் இங்கே வருகிறாளாம். கை சூடாக இருக்குமாம். துருவல் தொலைபேசியில் இதைச் சொன்னபோது கண்ணாடிக் கடை அக்கா வெகுநேரம் சிரித்தார். அப்புறம், முன்னைவிடப் பரவாயில்லை, இப்போது எனக்குப் பிழைப்பாவது கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று எழுத்திலேயே வந்துவிட்டதால், நிர்வாகம் அந்த அறையைத் திறந்து விடச் சொல்லிவிட்டது. கட்டில்கள் வெளியேறின. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். துருவல் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பெட்டியும் தலையணையுமாக மூன்றாம் மாடியில் திணறிக்கொண்டிருந்தாள். துருவல் போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

“இந்த ரூம் ஏன்க்கா இத்தனை நாளா பூட்டியிருந்துச்சு?” என்று கேட்டாள் அந்தப் பெண். “கீழ யாரைக் கேட்டாலும் சிரிக்கிறாங்க.”

துருவலுக்கு முழுக் கட்டுரையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. முன்னுரையிலிருந்து வரம்புகள் வரை.

“பழைய கட்டில் போட்டு வச்சிருந்தாங்க” என்றாள்.

பெண் தலையாட்டினாள். கதவருகே போய் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர்கள், காலி அறை. என்ன நினைத்தாளோ, செருப்பைக் கழற்றி வெளியே ஓரமாக விட்டுவிட்டு, பெட்டி தரையில் இடித்துவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே போனாள்.